மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா? கேபிளில் தேய்ந்துபோகும் சிக்னலின் கணக்கு இதுதான்!

முக்கியமான மீட்டிங். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைகிறது. "ஹலோ, கேட்கலை... திரும்பச் சொல்லுங்க" என்கிறார்கள் எதிர்முனையில். மோடத்தைத் திரும்பிப் பார்த்தால், 'எல்ஓஎஸ்' என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. புகார் கொடுத்து, மறுநாள் ஆள் வருகிறார். மோடத்தின் பின்னால் இருக்கும் மெல்லிய ஃபைபர் வயரைக் கழற்றி, கையில் இருக்கும் சின்ன மீட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, "மைனஸ் 28 காட்டுது சார், லைன்ல லாஸ் அதிகம்" என்கிறார்.

அது என்ன மைனஸ் 28? எது நஷ்டமானது? எங்கே போனது?

இதற்குப் பதில் தெரியாததால் பலர் செய்யும் முதல் வேலை, பெரிய பிளானுக்கு மாறுவது. இரண்டாவது, புது ரூட்டர் வாங்குவது. காசு போகும், பிரச்சினை அப்படியே இருக்கும். ஏனென்றால் இங்கே சிக்கல் நீங்கள் வாங்கிய வேகத்தில் இல்லை. அந்த வேகத்தைச் சுமந்து வரும் கம்பியில் இருக்கிறது.

சிக்னல் ஏன் தேய்கிறது?

கம்பி வழியாக எதை அனுப்பினாலும், தூரம் போகப் போக அது பலவீனமாகும். செம்புக் கம்பியில் மின்சாரமாக அனுப்பினால், ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடும். கண்ணாடி இழையில் ஒளியாக அனுப்பினால், ஒரு பகுதி சிதறிப்போகும். இன்னொரு பகுதி உறிஞ்சப்படும். இழப்பே இல்லாத கேபிள் என்று சந்தையில் எதுவும் கிடையாது. குறைவாக இழக்கும் கேபிள், அதிகமாக இழக்கும் கேபிள், அவ்வளவுதான்.

இந்த இழப்பை டெசிபெல் என்ற அளவால் சொல்வார்கள். கணக்கு எளிது. 3 டெசிபெல் போனால் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். 10 டெசிபெல் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 20 என்றால் நூறில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் ஒரு பூஜ்யம் கூடும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மீட்டர் காட்டும் எண் 'டிபிஎம்' என்ற அளவில் இருக்கும். 1 மில்லிவாட் ஒளிச் சக்தியை 0 டிபிஎம் என்று வைத்துக்கொண்டு, அதைவிட எவ்வளவு குறைவு என்று சொல்வதுதான் அந்த மைனஸ். மைனஸ் 20 என்றால் மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. மைனஸ் 27 என்றால் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. ஆகவே மைனஸ் 18 என்பது மைனஸ் 27ஐ விட மிக நல்ல அளவு. எண் பெரிதாகப் பெரிதாக, உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் வெளிச்சம் மங்குகிறது.

உங்கள் வீட்டு ஃபைபருக்கும் ஒரு பட்ஜெட் உண்டு

வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் பரவலாக இருப்பது 'ஜிபான்' என்ற தொழில்நுட்பம். நிறுவனத்தின் மையத்தில் இருந்து ஒரே ஒரு கண்ணாடி இழை உங்கள் பகுதிக்கு வரும். அங்கே தெருவில் ஒரு பெட்டிக்குள் ஸ்பிளிட்டர் என்ற சிறு கருவி, வந்த ஒளியை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துக் கொடுக்கும். இதற்கு மின்சாரம் தேவையில்லை. பானையில் இருக்கும் மோரை 32 டம்ளரில் ஊற்றுவது மாதிரிதான்.

அப்படிப் பிரிக்கும்போதே உங்கள் பங்குக்கு முப்பத்திரண்டில் ஒரு பாகத்துக்கும் குறைவான ஒளிதான் வரும். டெசிபெல் கணக்கில் சுமார் 17. பல கிலோமீட்டர் ஃபைபரில் ஏற்படும் இழப்பைவிட இந்த ஒரு பெட்டியில் ஏற்படும் இழப்பு பல மடங்கு அதிகம்! ஆனால் இது கோளாறு அல்ல, திட்டமிட்ட பங்கீடு. மாதச் சம்பளத்தில் வாடகை மாதிரி, முதலிலேயே எடுத்துவைக்க வேண்டிய செலவு.

மீதிச் செலவுகளையும் ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்:

- மையத்தில் இருந்து கிளம்பும் ஒளி: பிளஸ் 3 டிபிஎம்
- 5 கிலோமீட்டர் ஃபைபர்: 1.5 டெசிபெல் இழப்பு
- 32 வீடுகளுக்கான ஸ்பிளிட்டர்: 17 டெசிபெல்
- 4 கனெக்டர்கள், ஒவ்வொன்றுக்கும் 0.5 வீதம்: 2 டெசிபெல்
- உருக்கி ஒட்டிய 6 இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0.1 வீதம்: 0.6 டெசிபெல்

கூட்டிக் கழித்தால் வீட்டுக்கு வந்து சேர்வது மைனஸ் 18.1 டிபிஎம். இந்த வகை இணைப்பில் பரவலாகப் பயன்படும் மோடம், மைனஸ் 27 வரை வரும் ஒளியைப் படித்துவிடும். அதாவது கையில் கிட்டத்தட்ட 9 டெசிபெல் சேமிப்பு இருக்கிறது. நல்ல நிலைமைதான்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். அலமாரிக்குப் பின்னால் வயரை மடக்கி ஆணி அடித்துவிட்டார்கள்: 3 டெசிபெல். கனெக்டர் முனையில் தூசு: 2 டெசிபெல். மாடி வீட்டுக்கும் சேர்த்து இடையில் இன்னொரு சின்ன ஸ்பிளிட்டர் போட்டுவிட்டார்கள்: 3.5 டெசிபெல். மொத்தம் 8.5. இப்போது மோடத்துக்கு வருவது மைனஸ் 26.6. சேமிப்பு காலி. இனி ஒரு சின்ன அசைவு போதும், சிவப்பு விளக்கு எரிய.

கவனியுங்கள். இங்கே பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை. ஜேசிபி தோண்டிக் கேபிளை அறுக்கவில்லை. சின்னச் சின்னச் செலவுகள் சேர்ந்துதான் கணக்கை முடித்துவிட்டன.

தூசுக்கு இவ்வளவு பலமா?

ஆமாம். வீட்டுக்கு வரும் ஃபைபரில் ஒளி பயணிக்கும் மையப் பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான். தலைமுடியின் பருமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு அதன் வாசலில் உட்கார்ந்தாலே பாதி வழி அடைபட்டுவிடும். விரல் பட்டால் ஒட்டும் எண்ணெய்ப் பசையும் அப்படித்தான். அதனால்தான் விவரமான டெக்னீஷியன், கழற்றிய கனெக்டரைத் துடைக்காமல் மறுபடி செருக மாட்டார்.

மடிப்பும் அதே போலத்தான். கண்ணாடிக்குள் ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பித்தான் முன்னேறுகிறது. கூர்மையாக மடக்கினால் அது திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். பழைய வகை ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வீடுகளுக்கென்றே வந்த புதிய வகைகள் 1 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் சற்றுக் குறைவான வளைவைத் தாங்கும். எதுவாக இருந்தாலும், கதவிடுக்கில் நசுங்குவதைத் தாங்காது.

கனெக்டரின் நிறமும் முக்கியம். பச்சை நிற முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது; நீல நிற முனை நேரானது. பச்சையையும் நீலத்தையும் ஒன்றோடொன்று செருகினால் இடையில் காற்று இடைவெளி விழும், ஒளி வீணாகும். "ரெண்டும் உள்ளே போகுதே, அப்புறம் என்ன?" என்று செருகிவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு.

மெல்ல மெல்லக் குறையாமல், ஏன் திடீரென அறுகிறது?

பழைய டிவி ஆன்டெனாவில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். ஆனாலும் படம் தெரியும். டிஜிட்டலில் அப்படியில்லை. வருவது 0 அல்லது 1. ஒளி ஓரளவு மங்கினாலும் மோடம் எது 0, எது 1 என்று சரியாகப் பிரித்துவிடும். வேகம் துளியும் குறையாது. மைனஸ் 15லும் மைனஸ் 23லும் ஸ்பீடு டெஸ்ட் ஒரே எண்ணைக் காட்டும்.

எல்லைக்கு அருகே வந்ததும் கதை மாறுகிறது. பிழைகள் வரத் தொடங்கும். முதலில் பிழைதிருத்தும் முறை அவற்றைச் சமாளிக்கும். அதையும் தாண்டினால் தரவுப் பொட்டலங்கள் தொலையும். ஃபைல் டவுன்லோடு என்றால் தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும், வேகம்தான் சரியும். வீடியோ காலில் திரும்பக் கேட்க நேரம் இல்லை. அதனால் குரல் உடையும், முகம் உறையும். அடுத்த ஒன்றிரண்டு டெசிபெலில் மொத்த இணைப்பும் போய்விடும்.

'நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு' என்று நாம் சொல்வது இதனால்தான். நேற்று வரை விளிம்பில் நின்றது, இன்று விழுந்துவிட்டது.

வீட்டுக்குள் வேறு விதி: 100 மீட்டர்

மோடத்தைத் தாண்டியதும் ஃபைபர் முடிந்து செம்பு தொடங்குகிறது. கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் போகும் லேன் கேபிள். இதற்கு எழுதப்பட்ட எல்லை 100 மீட்டர். சுவருக்குள் போகும் நிலையான கேபிளுக்கு 90 மீட்டர். இரண்டு முனைகளிலும் இருக்கும் சிறு வயர்களுக்கு 10 மீட்டர்.

செம்பில் இரண்டு எதிரிகள். முதலாவது, வேகம் கூடக் கூட இழப்பும் கூடுவது. அதிவேக மின்சாரம் கம்பியின் முழுத் தடிமனிலும் ஓடாது. மேல்தோலில் மட்டும்தான் ஓடும். 100 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் 7 மைக்ரானுக்கும் குறைவு. ஓடும் இடம் குறுகினால் தடை கூடும். அதிர்வெண் 4 மடங்கானால் டெசிபெல் இழப்பு ஏறத்தாழ 2 மடங்காகும். 'கேட் 5இ' கேபிளில் 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 100 மீட்டர் ஓடினால் 24 டெசிபெல் வரை இழக்கலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. மறுமுனைக்குப் போவது இருநூற்றைம்பதில் ஒரு பங்கு!

இரண்டாவது எதிரி, பக்கத்து ஜோடி. லேன் கேபிளுக்குள் 4 ஜோடி வயர்கள் இருக்கும். ஜிகாபிட் வேகத்தில் நான்கிலும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் தரவு போகும். தொலைவில் இருந்து களைத்துப்போய் வரும் மெல்லிய சிக்னலைக் கேட்க வேண்டிய அதே முனையில், பக்கத்து ஜோடி முழுப் பலத்தோடு கத்திக்கொண்டிருக்கும். கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று போன் பேசுவது போல. இதைக் குறைக்கத்தான் ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கியிருக்கிறார்கள். முனையில் கனெக்டர் போடும்போது அந்த முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி. வசதிக்காக இரண்டு அங்குலம் பிரித்துவிட்டால், அந்த இடத்திலேயே பாதிப்பு தொடங்கிவிடும்.

100 மீட்டர் என்பது சுவர் இல்லை. 110 மீட்டரிலும் வேலை செய்யலாம். ஆனால் அது உத்தரவாதம் இல்லாத வேலை. தூரம் கூடுதல் என்றால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்கலாம். வந்த 0, 1 ஆகியவற்றைப் படித்து, புதிதாக எழுதி அனுப்பும் வேலையை அது செய்கிறது. அங்கிருந்து மறுபடி 100 மீட்டர். அபார்ட்மென்ட் வளாகம், தொழிற்சாலை போன்ற இடங்களில் அந்தத் தூரத்துக்கு ஃபைபர் போடுவதே நல்லது.

94லேயே நிற்கிறதா ஸ்பீடு டெஸ்ட்?

200 எம்பிபிஎஸ் பிளான். லேன் கேபிளில் இணைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் 94, 95 என்று அசையாமல் நிற்கிறது. நிறுவனம் ஏமாற்றுகிறது என்று கோபப்படும் முன் கேபிளைப் பாருங்கள்.

ஜிகாபிட் இணைப்புக்கு 4 ஜோடிகளும் சரியாக இருக்க வேண்டும். ஒரு ஜோடியில் ஒரு வயர் விட்டுப்போயிருந்தாலும், பல கருவிகள் 2 ஜோடிகளே போதுமான 100 எம்பிபிஎஸ் முறைக்கு இறங்கிவிடும். அதில் நடைமுறையில் கிடைக்கும் உச்சம்தான் அந்த 94, 95. பழைய லேப்டாப்பிலோ மோடத்திலோ 100 எம்பிபிஎஸ் போர்ட் மட்டுமே இருந்தாலும் இதே எண்தான் வரும். பெரும்பாலும் ஒரு நல்ல பேட்ச் கார்டை மாற்றிப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

மலிவு கேபிளின் உள்ளே என்ன?

கடையில் 'கேட் 6' என்று அச்சிட்ட இரண்டு பண்டில்கள். ஒன்று இன்னொன்றைவிடப் பாதி விலை. மலிவாக இருப்பது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். கேட் தரநிலைகள் இதை ஏற்பதில்லை. முழுச் செம்போடு ஒப்பிட்டால் இதன் மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு.

சிசிடிவி கேமரா போடுபவர்களுக்கு இது நேரடியாக வலிக்கும். இன்று பல கேமராக்களுக்குத் தரவும் மின்சாரமும் ஒரே லேன் கேபிளில்தான் போகின்றன. இதற்கான முதல் தரநிலையே, ஒரு முனையில் 15.4 வாட் கொடுத்தால் மறுமுனையில் 12.95 வாட்தான் உறுதி என்கிறது. மீதி வழியில் வெப்பமாகப் போய்விடும். இது நல்ல செம்புக்கு எழுதிய கணக்கு. அலுமினியத்தில், அதுவும் 80, 90 மீட்டர் இழுத்திருந்தால், இன்னும் குறையும். கூடுதல் மின்சாரம் தேவைப்படுவது இரவில், கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது. பகலெல்லாம் படம் காட்டிய கேமரா, திருடன் வரும் நேரத்தில் அணைந்து அணைந்து எரியும்.

வாங்கும்போது வயரின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் வாங்கலாம்.

சத்தமாகக் கத்தினால் போதாதா?

சிக்னல் தேய்கிறது என்றால் அனுப்பும்போதே பலமாக அனுப்பினால் என்ன? இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1858 ஆகஸ்டில் அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே முதல் அட்லான்டிக் தந்திக் கேபிள் இணைக்கப்பட்டது. விக்டோரியா மகாராணி அனுப்பிய 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது. நீண்ட கேபிளில் சிக்னல் தேய்வதோடு, இழுபட்டுப் பரவி, ஒரு துடிப்பு அடுத்த துடிப்பின் மீதே ஏறிவிட்டது.

பொறுப்பில் இருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ், சுமார் 2,000 வோல்ட் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். ஏற்கெனவே பலவீனமாக இருந்த காப்புறை கெட்டது. சில வாரங்களில் கேபிள் மௌனமாகிவிட்டது. வில்லியம் தாம்சன் என்ற இயற்பியலாளர் வேறு வழி சொன்னார்: மெல்லிய சிக்னலையும் உணரக்கூடிய கருவியைக் கேட்கும் முனையில் வையுங்கள், கேபிளை நன்றாகச் செய்யுங்கள். 1866ல் நிலையாக வேலை செய்த கேபிள் அந்த வழியில்தான் வந்தது. கத்துவதைவிடக் காதைத் தீட்டுவது மேல் என்ற அந்தப் பாடம் இன்றைய மோடம் வரை தொடர்கிறது.

கண்ணாடியைச் சுத்தம் செய்த கதை

1960களில் கிடைத்த கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டருக்கு 1,000 டெசிபெல் அளவுக்கு இழப்பு. தொலைத்தொடர்புக்கு உதவாது என்றே பலரும் நினைத்தார்கள். 1966ல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவோ, ஜார்ஜ் ஹாக்கம் இருவரும், குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அசுத்தத்தில் என்றார்கள். இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெலாகக் குறைத்தால் போதும் என்றும் சொன்னார்கள். 1970ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் 17ஐத் தொட்டார்கள். 2009ல் காவோவுக்கு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இன்றைய நல்ல ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான். அதாவது 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி ஒளி மிச்சமிருக்கும். லேன் கேபிளில் 100 மீட்டரில் இழப்பதைவிட, இதில் 100 கிலோமீட்டரில் இழப்பது குறைவு.

அப்படியென்றால் அந்தமானுக்கு எப்படிப் போகிறது?

0.2தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. 1,000 கிலோமீட்டருக்கு 200 டெசிபெல் ஆகிவிடும். 1 மில்லிவாட் ஒளியை ஒரு முனையில் இடைவிடாமல் அனுப்பினால், மறுமுனையில் சுமார் மூன்றரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு ஒளித்துகள் வந்து சேரும். அதை வைத்து ஒரு 'குட் மார்னிங்' கூட அனுப்ப முடியாது.

தீர்வு, வழியில் அங்கங்கே ஒளிக்குத் தெம்பூட்டுவது. 1988ல் வந்த முதல் அட்லான்டிக் ஃபைபர் கேபிளில் ஒளியை மின்சாரமாக மாற்றி, திரும்ப ஒளியாக்கும் கருவிகள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டே, 1987ல், எர்பியம் என்ற தனிமம் கலந்த ஃபைபர் ஒளியை ஒளியாகவே பெருக்கும் என்று ஆய்வகங்களில் காட்டிவிட்டார்கள். 1990களின் நடுவில் அது கடலுக்குள் இறங்கியது. இன்று நெடுந்தூரக் கடல் கேபிள்களில் ஏறத்தாழ 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக இந்தப் பெருக்கிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கான மின்சாரமும் கரையில் இருந்து அதே கேபிளில்தான் போகிறது.

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதுவரை தீவுகள் பெரிதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. ஆன்லைன் வகுப்பும் வங்கி வேலையும் ஒரு இழையின் டெசிபெல் கணக்கில் நிற்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

- முதலில் வைஃபையை ஒதுக்கிவைத்து, லேன் கேபிளில் சோதியுங்கள். அங்கே நன்றாக இருந்தால் பிரச்சினை ஃபைபரில் இல்லை.
- மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்ற அளவு இருக்கிறதா பாருங்கள். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் அதைக் குறித்துவையுங்கள். மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 25ஐத் தாண்டினால், அறுவதற்கு முன்பே புகார் கொடுங்கள்.
- "நெட் ஸ்லோ" என்று சொல்லாமல், "முன்பு மைனஸ் 19 இருந்தது, இப்போது மைனஸ் 26" என்று சொல்லுங்கள். இதன் பிறகு 'மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று சொல்லித் தட்டிக்கழிப்பது கடினம்.
- மழைக்குப் பிறகு மட்டும் அளவு சரிந்தால், தெருவில் உள்ள இணைப்புப் பெட்டியில் தண்ணீர் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.
- மிச்ச ஃபைபரை அகலமான வளையமாகச் சுற்றி வையுங்கள். ஆணி, கதவிடுக்கு, கட்டிலின் கால் எதுவும் வேண்டாம்.
- கழற்றிய ஃபைபர் முனையைத் தொடாதீர்கள். உள்ளே ஒருபோதும் எட்டிப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

அடுத்த முறை மீட்டர் பார்த்துவிட்டு, "லாஸ் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், "எத்தனை டெசிபெல், எந்த இடத்துல?" என்று கேளுங்கள். வயரைப் புதிதாக இழுக்க வேண்டுமா, இரண்டு நிமிடம் கனெக்டரைத் துடைத்தால் போதுமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.